ஐந்து நாளில் ஆறு மலை வேண்டாம்!

வாசகர் கேள்வி – பதில்: பயணம்

பொங்கல் விடுமுறை நெருங்குவதால் இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காரில் எங்கே போகலாம்" என்ற கேள்விதான். அதிலும் பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான் அதிகம் புலம்பியிருக்கிறார்கள். சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: நாங்கள் திருச்சி. நான், கணவர், பிளஸ் ஒன் படிக்கும் மகன், எட்டாவது படிக்கும் மகள். சொந்த கார். ஐந்து நாட்களில் முதுமலை, ஊட்டி, வால்பாறை, அதிரப்பள்ளி, மூணாறு, கொடைக்கானல் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று கணவர் திட்டம் போட்டிருக்கிறார். மகன் "நான் வரவில்லை, வீட்டிலேயே இருக்கிறேன்" என்கிறான். அவனை எப்படிச் சம்மதிக்க வைப்பது? — வாசகி, திருச்சி

உங்கள் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது அம்மா. இந்தத் திட்டத்தில் போனால் அவன் பார்க்கப்போவது உங்கள் கணவரின் பின்னந்தலையும் முன்னால் போகிற டூரிஸ்ட் வேனின் பின்பக்கமும்தான். ஆறு இடத்தில் நான்கை அடியுங்கள். மிச்சம் இரண்டிலும் ஒன்றை எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

என் யோசனை, ஐந்து நாளும் ஆனைமலைத் தொடரிலேயே. காரணம் சொல்கிறேன். அந்த வயதுப் பிள்ளைகளிடம் "இயற்கையை ரசி" என்றால் கொட்டாவி விடுவார்கள், ஆனால் ஒரு விஷயம் எப்படி வேலை செய்கிறது என்று துப்புத் துலக்கச் சொன்னால் வருவார்கள். பொள்ளாச்சிப் பக்கம் அப்படி ஒரு விஷயம் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. பி.ஏ.பி. என்று ஊரார் சொல்லும் பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனத் திட்டம். மேற்கே கேரளாவுக்கு ஓடிக்கொண்டிருந்த ஆற்றுத் தண்ணீரை மலைக்கு மேலேயே அணைகளில் தடுத்து, மலையைக் குடைந்து சுரங்கம் வழியாகக் கிழக்கே கொண்டுவந்து, வழியில் மின்சாரமும் எடுத்துக்கொண்டு, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் வறண்டு கிடந்த நிலத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். 1961இல் தொடங்கிவைக்கப்பட்ட வேலை. பரம்பிக்குளம் அணை இருப்பது கேரளாவில், அதை இயக்குவது தமிழ்நாடு. இதைச் சொன்னால் உங்கள் மகன் முதலில் நம்பமாட்டான், அப்புறம் கூகுளில் தேடுவான். தேடட்டும். சோலையாறிலிருந்து பரம்பிக்குளம், அங்கிருந்து தூணக்கடவு, சுரங்கம் வழியாகச் சர்க்கார்பதி மின்நிலையம், பிறகு கால்வாயில் திருமூர்த்தி அணை, இன்னொரு கிளையில் ஆழியாறு. இந்தத் தண்ணீர் போகிற வழியை ஒரு தாளில் அவனையே வரையச் சொல்லி, அதை வைத்தே வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்யச் சொல்லுங்கள். அவன் போட்ட திட்டம் என்றால் வராமல் இருப்பானா?

முதல் நாள் திருச்சியிலிருந்து திண்டுக்கல், பழநி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சி. 200 கிலோமீட்டருக்கு மேல், அவசரமில்லாமல் போகலாம். உடுமலையிலிருந்து திருமூர்த்தி அணைக்குத் திரும்பி ஒரு மணி நேரம் நில்லுங்கள், தண்ணீர் பயணம் முடியும் இடத்தை முதலில் பார்த்தாகிவிடும். இரண்டாம் நாள் ஆனைமலை, சேத்துமடை வழியாக டாப்சிலிப். வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து கீழே சறுக்கிவிட்ட இடம், பெயரே அதிலிருந்துதான் வந்தது. ரயில்பாதைக்கும் கப்பல் கட்டவும் வெட்டித் தீர்த்த காட்டில் மறுபடியும் தேக்கு வளர்த்த ஹியூகோ வுட் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி 1933இல் இறந்தபோது இந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே புதைத்தார்கள், கல்லறையைப் பார்க்கலாம். அதைத் தாண்டினால் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். கேரளக் காடு, ஆனால் சாலை வழியாகப் போக நம் சேத்துமடை வழி ஒன்றுதான். அங்கே கன்னிமரா தேக்கு என்று ஒரு கிழட்டு மரம், சுமார் 48 மீட்டர் உயரம், ஐந்து பேராவது கைகோர்த்தால்தான் சுற்றிப் பிடிக்க முடியும். நீங்கள் நாலு பேர். ஐந்தாவதாக வன வழிகாட்டியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் சுற்றிக் காட்டுவதற்கும் தங்குவதற்கும் வனத்துறையின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், பொங்கல் சமயத்தில் கடைசி நேரத்தில் போய் நின்றால் கேட்டிலிருந்தே திரும்ப வேண்டியதுதான்.

மூன்றாம் நாள் ஆழியாறு வழியாக வால்பாறை. பொள்ளாச்சியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர், அதில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட், கீழே ஆழியாறு அணை மொத்தமும் தெரியும். அந்தப் பாறைகளில் வரையாடு நிற்கும். நம் மாநில விலங்கைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே பார்க்க இதைவிடச் சுலபமான இடம் எனக்குத் தெரியாது. பக்கத்தில் போய் செல்ஃபி எடுக்கிற கூட்டத்தில் மட்டும் சேராதீர்கள்.

நான்காம் நாள் காலை ஏழு மணிக்குள் புதுத்தோட்டம் பக்கம் போய்விடுங்கள். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இருக்கிற சிங்கவால் குரங்குக் கூட்டம் ஒன்று தேயிலைக்கு நடுவே மிச்சமிருக்கும் துண்டுக் காட்டில் வாழ்கிறது. வண்டியில் அடிபடாமல் இருக்க, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். இருவாச்சியும் இந்தப் பக்கம் உண்டு. ஜனவரிக்குப் பிறகு பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலைத் தானே பூசி அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும், ஒரு சிறிய பிளவு வழியாக ஆண் பறவைதான் பல வாரம் பழம் ஊட்டும். இதை மகளிடம் சொல்லுங்கள், பெரிய விவாதம் நடக்கும். மாலையில் எஸ்டேட் ஓரமாக உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு மினுக்கினால், பக்கத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம். யானை நடமாட்டத்தைக் கவனிப்பவர்கள் கைப்பேசியிலிருந்தே அந்த விளக்கை எரியவிடுகிறார்கள், வீட்டுக்கு நடந்து வருகிற தொழிலாளி பார்த்து ஒதுங்கிக்கொள்வதற்காக. உங்கள் மகன் கம்ப்யூட்டர் படிக்கப்போகிறான் என்றால் இந்த ஒரு விளக்குக்காகவே வால்பாறை போகலாம்.

ஐந்தாம் நாள் காலையிலேயே இறங்கிவிடுங்கள். மூணாறு, அதிரப்பள்ளி எல்லாம் எங்கும் ஓடிப்போகாது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இருப்பதுபோல் வால்பாறைக்கும் 2025 நவம்பர் முதல் இ-பாஸ் கட்டாயம், வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குவார்கள், எவர்சில்வர் பாட்டிலாகக் கொண்டுபோங்கள்.

கணவர் கோபித்துக்கொண்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். கோபத்தை என் மேல் போட்டுவிடலாம்.

கேள்வி: எனக்கு ஒரே மகள், பதினைந்து வயது. எந்த ஊருக்குப் போனாலும் செல்போனிலேயே இருக்கிறாள். இந்த முறை கிளம்பும்போதே போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாமா? — வாசகர், திருநெல்வேலி

பூட்டலாம். பிறகு பயணம் முழுக்க அவள் முகத்தைத்தான் நீங்கள் பார்க்க வேண்டியிருக்கும், அருவியை இல்லை.

பாதி மலைப்பாதையில் சிக்னலே கிடைக்காது சார், உங்கள் வேலையை டவர் பார்த்துக்கொள்ளும். மிச்ச நேரத்துக்கு அந்தப் போனிலேயே வேலை கொடுங்கள். மெர்லின் என்று ஓர் இலவசச் செயலி, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகம் உருவாக்கியது. காட்டோரம் நின்று அதைத் திறந்தால், கத்துகிற பறவை எது என்று குரலை வைத்தே பெயர் சொல்லும். இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பை வீட்டில் வைஃபையிலேயே இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். சில சமயம் தப்பாகச் சொல்லும். துடுப்புவால் கரிச்சான் என்று ஒரு பறவை மற்ற பறவைகளின் குரலை அப்படியே மிமிக்ரி செய்யும், செயலி என்ன, பழகிய ஆட்களே அதனிடம் ஏமாறுவார்கள். அதனால் "செயலி சொன்னது சரியா, கண்ணால் பார்த்தாயா?" என்று கேளுங்கள், அங்கேதான் ஆட்டம் சூடு பிடிக்கும். அதிகாலையில் ஓடை ஓரம் யாரோ பள்ளிக்கூடப் பையன் சோம்பேறித்தனமாக விசிலடிப்பது மாதிரி கேட்டால், அது சீகாரப் பூங்குருவி. அதற்குச் செயலியே வேண்டாம், ஒருமுறை கேட்டால் மறக்காது.

பொங்கலுக்குத்தான் போகிறீர்கள் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம். ஒரு இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். காக்கா, மைனாவும் கணக்கில் சேரும். அவள் போட்ட பட்டியலை ஆராய்ச்சியாளர்களும் எடுத்துப் பயன்படுத்துவார்கள் என்று தெரிந்தால் அந்த வயதில் ஒரு நிமிர்வு வரும்.

ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் போடுங்கள். கூடு, குட்டி, அரிய விலங்கு எதையாவது படம் பிடித்தால் இடத்தைக் குறிப்பிட்டு இன்ஸ்டாகிராமில் போடக் கூடாது. அடுத்த வாரம் அங்கே ஒரு கூட்டம் நிற்கும்.

கேள்வி: மகனுக்குப் பதினேழு வயது. கார் நன்றாகவே ஓட்டுவான். எஸ்டேட் சாலையில் ஆளில்லாத இடத்தில் கொஞ்ச தூரம் ஓட்டக் கொடுத்தால் பயணத்தில் ஆர்வம் வரும் என்று நினைக்கிறேன். தப்பா? — வாசகர், ஈரோடு

தப்பு. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பதினெட்டு வயதாகாத பிள்ளை ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டிப் பதிவு ஒரு வருடம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ஏதாவது மோதிவிட்டால் காப்பீட்டு நிறுவனத்தோடு தனியாக மல்லுக்கட்ட வேண்டும். "ஆளில்லாத இடம்" என்று நீங்கள் சொல்கிற எஸ்டேட் சாலையில்தான் வேலை முடிந்து பெண்கள் நடந்து வருவார்கள், வளைவில் திடீரென்று காட்டுமாடு நிற்கும்.

ஆனால் அவனை முன் சீட்டில் உட்கார வைத்து மலைப்பாதை ஓட்டும் முறையைக் கற்றுக்கொடுக்கலாமே. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் நின்று வழி விட வேண்டும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் பிரேக் சூடாகிக் கடைசியில் பிடிக்காமல் போய்விடும். வளைவுக்கு முன்னால் ஹாரன், ஆனால் விலங்கைப் பார்த்தால் ஹாரன் கூடாது. இதையெல்லாம் அவன் வாயால் சொல்லச் சொல்லி நீங்கள் ஓட்டுங்கள். உங்கள் தப்புகளைக் கண்டுபிடிப்பதில் அவனுக்கு இருக்கப்போகும் ஆர்வத்தைப் பாருங்கள்.

கேள்வி: மலை ஏறினால் மகள் வாந்தி எடுக்கிறாள். அதனாலேயே எங்கும் போவதில்லை. — வாசகி, கரூர்

உள்காது "வண்டி திரும்புகிறது" என்கிறது, போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற கண் "எதுவும் அசையவில்லை" என்கிறது, இந்தச் சண்டையில்தான் வயிறு புரள்கிறது. முன் சீட்டில் உட்கார வைத்து தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள், போனும் புத்தகமும் வளைவு முடியும் வரை கூடாது. வெறும் வயிறும் கெடுதல், வயிறு முட்ட பூரி மசாலாவும் கெடுதல், இரண்டு இட்லி போதும். கண்ணாடியை இறக்கிவிடுங்கள். மாத்திரை என்றால் டாக்டரிடம் கேட்டு, மலை ஏறுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும், குமட்டல் வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை, தூக்கமும் வரும். இவ்வளவும் செய்தாலும், ஓட்டுகிறவர் ஒவ்வொரு வளைவிலும் வெட்டி ஒடித்தால் யாருக்குத்தான் வாந்தி வராது? அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

வயது ஏற ஏற பெரும்பாலும் இது குறைந்துவிடும்.

கேள்வி: கட்டாயம் புலி பார்க்க எந்தக் காட்டுக்குப் போக வேண்டும்? — வாசகர், சேலம்

வண்டலூர்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம் காடுகள் அடர்த்தியானவை, புலி உங்களைப் பார்க்கும், நீங்கள் புலியைப் பார்ப்பது அதிர்ஷ்டம். பிள்ளைகளிடம் புலி, புலி என்று ஏற்றிவிட்டுக் கூட்டிப்போனால் கருமந்தி, மலை அணில், புள்ளிமான் எல்லாம் அவர்கள் கணக்கில் ஏமாற்றமாகிவிடும். கால்தடம், மரத்தில் நகக் கீறல், சாணம் இவற்றைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போங்கள். யானை சாலையில் நின்றால் தள்ளியே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், பிரகாசமான விளக்கைத் தணித்து, மெதுவாகப் பின்னால் எடுங்கள். வண்டியை விட்டு இறங்குவது ஆபத்து மட்டுமில்லை, அபராதமும் உண்டு. இருட்டிய பிறகு காட்டுச் சாலையில் இருக்கிற மாதிரி திட்டம் போடவே போடாதீர்கள். பண்ணாரி – திம்பம், பந்திப்பூர் மாதிரிப் பாதைகளில் இரவு ஒன்பது மணிக்கு மேல் காலை ஆறு வரை விடவே மாட்டார்கள்.

கேள்வி: இதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை. பதினான்கு வயது மகள் காரில் நீண்ட தூரம் வரத் தயங்குகிறாள். காரணம் கழிவறை. மாதவிடாய் நாட்கள் வேறு. — பெயர் வேண்டாம், மதுரை

தாராளமாகக் கேட்கலாம். வயதுக்கு வந்த பெண்கள் பயணத்தை வெறுக்க முக்கால்வாசிக் காரணம் இதுதான், ஆண்கள் போடுகிற திட்டத்தில் இது வருவதே இல்லை.

மலை ஏறுவதற்கு முன் கடைசிப் பெரிய ஊரில், அவள் கேட்காமலே வண்டியை நிறுத்துங்கள். பெட்ரோல் பங்குகள் கழிவறை வசதியும் குடிநீரும் இலவசமாகத் தர வேண்டும், பூட்டியிருந்தால் கூச்சப்படாமல் சாவி கேளுங்கள், அப்பா கேட்கட்டும். தண்ணீர் குடிக்காமல் இருந்து சமாளிக்கப் பார்ப்பாள், அதை விடாதீர்கள். ஒரு சிறிய பையில் நாப்கின், செய்தித்தாள், மூடி இறுக்கமான ஒரு டப்பா, சோப்பு, மாற்று உடை வைத்து அவள் சீட்டுக்கு அடியிலேயே இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம். பயன்படுத்திய நாப்கினைக் காட்டோரம் போடாமல் டப்பாவில் வைத்து ஊருக்கு வந்து குப்பைத்தொட்டியில் சேருங்கள். முடிந்தால் தேதியை அவளிடம் கேட்டுப் பயணத்தைப் போடுங்கள். கேட்டதற்காகவே வந்துவிடுவாள்.

கேள்வி: மலை என்றாலே கூட்டம். சென்னையிலிருந்து கடலோரமாக ஏதாவது சொல்லுங்களேன். — வாசகர், தாம்பரம்

நீங்கள் கேட்டது எனக்குப் பிடித்த பாதை. வேடந்தாங்கல், பிச்சாவரம், கோடியக்கரை.

வேடந்தாங்கலில் பறவைகளைக் காப்பாற்றியது முதலில் அரசாங்கம் இல்லை, கிராமத்துக்காரர்கள். 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம், யாரும் சுடக் கூடாது என்று எழுதியே வாங்கிவிட்டார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம், அதுதான் கணக்கு. பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகும்போது தில்லை மரத்தைக் காட்டச் சொல்லுங்கள், சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம், பாலைத் தொடக் கூடாது, கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. கோடியக்கரையில் வெளிமான் கூட்டமும் காட்டுக் குதிரைகளும் ஒரே புல்வெளியில் மேயும். குளிர்காலத்தில் பூநாரை வரும், எத்தனை வரும் என்பது அந்த வருட மழையைப் பொறுத்தது. பக்கத்திலேயே வேதாரண்யம் உப்பளம். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்த இடம். வரலாறு படிக்கிற பிள்ளை இருந்தால் அங்கே அரை நாள் விடுங்கள்.

வெளியூர் போகவே முடியவில்லை என்றாலும் பரவாயில்லை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிட வரும். 1988இலிருந்து மாணவர்களே நடத்துகிற கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று இரவெல்லாம் நடந்து முட்டைகளை எடுத்துப் பத்திரமாகப் பொரிக்க வைக்கிறது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம். அந்தக் கூட்டத்தில் கல்லூரி அண்ணன், அக்காமார் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உங்கள் பிள்ளை முன்னால் போய்விடுவான், நீங்கள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பைனாகுலர் வாங்கலாம் என்றால் 8x42, 10x50, 20x50 என்று ஏதேதோ இருக்கிறது. எது? — பிளஸ் டூ மாணவி, நாமக்கல்

8x42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பெரிய எண்தான் உசத்தி என்று கடைக்காரர் 20ஐ நீட்டுவார், வாங்காதே. கை லேசாக ஆடினாலும் படம் இருபது மடங்கு ஆடும், மரக்கிளையில் பறவையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்துவிடும். கண்ணாடி போட்டிருந்தால் கண் வைக்கும் இடத்தில் உள்ள ரப்பரை மடக்கிக்கொண்டு பார். வீட்டுக்கு ஒன்று போதாது, குறைந்தது இரண்டு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அது உன் கையில் இருக்கட்டும், அப்பா கேட்டால் முறை வைத்துக் கொடு.